குன்றிமணியின் ராகுகாலம்

அந்திக்கரையில் ராகுகாலத்துக்கு ராகுகாலம் என்று பெயர் வைத்தது செண்பகவல்லிதான். பூமியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு சேர்த்துக் கொண்டுவந்த பழக்கம் அது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. அப்படியில்லை. மூட்டையில் வந்தது வெறும் சொல். அதைத் தூக்கி ஒரு நட்சத்திரத்தின் தலையில் கட்டியது இவள்.

அந்த நட்சத்திரத்துக்குப் பெயர் குன்றிமணி. சூரியனுக்குப் பக்கத்தில் வைத்தால் பொடிசு. நிறம் சிவப்பு, மேலே கறுப்புப் புள்ளிகள். முதலில் வந்து இறங்கியவர்கள் நிமிர்ந்து பார்த்ததுமே அந்தப் பெயர் வாயில் வந்துவிட்டதாம். அதைச் சுற்றும் கோள்களுக்கும் அந்த லட்சணத்தில்தான் பெயர் வைத்தார்கள். குன்றிமணியை உரசிக்கொண்டு தலைதெறிக்க ஓடுவது வாலு. அடுத்தது குண்டு. மூன்றாவதாக இவர்கள் குடியிருக்கும் அந்தி. அதற்கப்பால் இரண்டு உண்டு. அவற்றுக்குப் பெயர் வைக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. அந்தி தன் ஒரு முகத்தை மட்டுமே குன்றிமணிக்குக் காட்டிக்கொண்டு சுற்றுகிறது. அதனால் ஒரு பாதியில் எந்நாளும் பகல், மறுபாதியில் எந்நாளும் இரவு. இரண்டுக்கும் நடுவே ஓடுகிற ஒடுங்கிய நிலத்தில்தான் ஊர், அந்திக்கரை. அங்கே பொழுது விடிவதும் இல்லை, அடைவதும் இல்லை, எப்போது பார்த்தாலும் சாயங்காலம். கடிகாரம் மட்டும் பூமிக் கணக்கில் ஓடுவதால் ஜனங்கள் தூங்கி எழுந்திருக்கிறார்கள்.

குன்றிமணிக்கு ஒரு கெட்ட குணம். திடீரென்று சீறும். சீறினால் கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சு வந்து விழும். மண் மூடிய தெருக்களுக்குள் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டவன் அன்றைக்கு நன்றாகத்தான் இருப்பான். ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியில் கிடப்பான். ஊருக்குச் சோறு போடுவது பகல் பக்கத்தில் உள்ள பாசிக்களங்கள். அங்கேயும் இங்கேயும் லாரி ஓடியே ஆகவேண்டும், வழி முழுக்க வெட்டவெளி. ஆகவே குன்றிமணி எப்போது சீறும் என்று முன்கூட்டிச் சொல்வது ஊருக்கு உயிர்ப் பிரச்சினை.

அதைச் சொன்னவளும் செண்பகவல்லிதான். சீறல் கண்காணிப்பு நிலையத்துக்கு அவள் தலைவி. வாலு அந்தக் கறுப்புப் புள்ளிகளில் பெரியதற்கு நேரே வரும்போதெல்லாம் குன்றிமணியின் காந்தப் பின்னலைப் பிடித்து இழுக்கிறது, சடையைப் பிடித்து இழுத்தால் பெண்பிள்ளைக்குக் கோபம் வருகிற மாதிரிதான் என்று விளக்கினாள். இழுத்த ஒவ்வொரு முறையும் சீறுவதில்லை. ஆனால் சீறினால் அந்த நேரத்துக்குள்தான் சீறும். ஆபத்து நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணி. கணக்குப் பிசகவே இல்லை.

கணக்கு சரியாக இருந்து என்ன செய்ய? "மூன்றாம் நிலை ஆரஞ்சு எச்சரிக்கை" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தால் எவனும் சட்டை செய்யவில்லை. ஆரஞ்சுதானே, சிவப்பு வரட்டும் பார்க்கலாம் என்றார்கள். சிவப்பு வந்தபோது, போன தடவையும் சிவப்புதான், ஒன்றும் ஆகவில்லையே என்றார்கள். இரண்டு பேரை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று நிர்வாகக் கூட்டத்தில் செண்பகவல்லி எழுந்து, இனிமேல் இதை ராகுகாலம் என்று அறிவிப்போம் என்றாள். ஒன்றரை மணி நேரம், அந்த நேரத்தில் வெளியே போனால் கெடுதல். இதற்கு நம் ஜனங்களிடம் ஏற்கெனவே பேர் இருக்கிறதே, புதிதாக எதற்கு ஒன்று என்று கேட்டாள். அதிகாரிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

முதல் அறிவிப்பைப் படித்தது நிலையத்தின் ஒலிபரப்பாளர் ஜெபமணி. ஞாயிறு தவறாமல் ஜெபக்கூடத்தில் பாடுகிறவர். அவருடைய கனத்த குரலில், "இன்று காலை ஒன்பது மணி முதல் பத்தரை வரை ராகுகாலம்" என்று கேட்டதும் ஊர் அடங்கிவிட்டது. லாரிகள் நின்றன. பகுத்தறிவு பேசுகிறவர்கள்கூட, நமக்கு நம்பிக்கை இல்லை, எதற்கு வம்பு என்று வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர்கள் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்பினார்கள். அதற்கப்புறம் வெகுகாலத்துக்கு ஒரு சாவுகூட இல்லை. செண்பகவல்லி நிமிர்ந்து நடந்தாள். நடக்க வேண்டியவள்தானே.

ஆனால் ஒரு சொல்லைக் கூப்பிட்டால் அது தனியாக வராது, தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வரும். இது அவளுக்குத் தெரிய வந்தது தம்பி மாசானத்தால்.

அன்றைக்கு ராகுகாலம் தொடங்கிக் கால் மணி ஆகியிருந்தது. நிலையத்தில் அவளும் ஜெபமணியும்தான் இருந்தார்கள். திரையில் பாசிக்களத்துச் சாலையில் ஒரு வெளிச்சப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி வண்டி எண்ணைப் பார்த்தாள். மாசானத்தின் லாரி. பக்கத்தில் அவன் மனைவி வடிவு இருப்பாள், நிறைமாதம். களத்திலிருந்து ஊருக்கு அழைத்துவந்து அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். இதற்கு முந்தின பிள்ளை அவர்களுக்குத் தங்கவில்லை.

அவள் ரேடியோவை எடுத்து அவனைக் கூப்பிட்டு, ராகுகாலத்தில் வெளியே என்ன செய்கிறாய் என்று சத்தம் போட்டாள். மாசானம் பதறவே இல்லை.

"யக்கா, ராகுகாலத்துல நாங்க கிளம்பல. அதுக்கு முன்னாடியே வடிவு பையைக் களத்து கேட்டுக்கு வெளிய வச்சு பரஸ்தானம் பண்ணியாச்சு. பொறவு சாப்பிட்டுட்டு நிதானமா ஏறினோம். கிளம்புன பயணத்துக்கு தோஷம் கிடையாதுல்லா."

பரஸ்தானம் என்றால் என்ன என்று செண்பகவல்லிக்கும் தெரியும். நல்ல நேரம் முடிவதற்குள் ஒரு பையையோ செருப்பையோ வாசலுக்கு வெளியே வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு சாவகாசமாகப் போகலாம். ராகுகாலத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது, ஆரம்பித்ததைத் தொடரலாம். அந்தச் சொல்லை ஊருக்குக் கொடுத்தபோது இந்தச் சந்தும் கூடவே போய்விட்டது என்பது அவள் புத்திக்கு எட்டாமல் போயிற்று.

அவள் ஜெபமணியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார். எல்லா டிரைவர்களும் இப்படித்தான் செய்கிறார்களா என்று கேட்டாள்.

"ஊர்ல எல்லாரும் செய்யுதாவ, தாயி. களத்து கேட்ல போயி பாருங்க, ராகுகாலம் வருதுன்னா செருப்பு வரிசையா கிடக்கும். உங்ககிட்ட மட்டும் யாரும் சொல்லமாட்டாவ."

இதுவரைக்கும் எவனுக்கும் ஒன்றும் ஆகாததற்கு வேறு காரணமில்லை. பல ராகுகாலங்களில் குன்றிமணி சும்மா இருந்துவிடுகிறது. சும்மா இருந்த ஒவ்வொரு தடவையும் பரஸ்தானம் பலித்துவிட்டதாக ஊர் நம்பியிருக்கிறது. ஆனால் இன்றைக்கு நிலைமை வேறு. காந்தமானியின் கோடு காலையிலிருந்தே குதித்துக்கொண்டிருந்தது. சீறல் வரும், அதுவும் சின்னதாக வராது என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

சாலை ஓரத்தில் ஆங்காங்கே பதுங்குகுழிகள் உண்டு. அகலமான கான்கிரீட் குழாயைப் புதைத்து மேலே மண்ணைக் குவித்திருப்பார்கள். மாசானத்தின் வண்டி அப்படி ஒன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிவிட்டால் அடுத்ததற்குள் சீறல் முந்திக்கொள்ளலாம். செண்பகவல்லி அவனிடம் விஷயத்தைப் பொறுமையாக விளக்கினாள். காந்தப்புலம் என்றாள், கோடு என்றாள், கதிர்வீச்சுக்கு நீ எப்போது கிளம்பினாய் என்பது தெரியாது என்றாள். வண்டியின் தகரம் அதைத் தடுக்காது, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு முதலில் ஆபத்து என்றும் சொன்னாள்.

அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. அந்தச் சாலையில் அவனைப்போல் வண்டி ஓட்ட ஆள் கிடையாது. ஆனால் முந்தின பிள்ளைக்கு நேரம் காலம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், வெறுங்கையோடு திரும்பினோம் என்ற வேதனை அவன் மனதில் முள்ளாகக் கிடந்தது. இந்தத் தடவை எல்லாவற்றையும் முறையாகச் செய்வது என்று இருந்தான்.

"குழியில இறங்கினா பயணம் பாதியில நின்னுரும்க்கா. பொறவு ஏறினா அது புதுசா கிளம்பினதா ஆயிரும். பிள்ளைக்கு ஆவாது. நம்ம பூட்டன் காலத்துல ராகுகாலம் வந்துட்டுன்னு ஓடுற ரயில எவனாவது நிப்பாட்டினானா? நீ வச்ச பேருதானே, உனக்குத் தெரியாதா?"

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் கொடுமை. அவள் கொடுத்த சொல்லை அவன் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறான். தலைவி என்ற முறையில் உத்தரவு போட்டாள். அவன், சரிக்கா, ஊருக்கு வந்ததும் தண்டனை கொடு, வாங்கிக்கிறேன் என்றான். புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது. ஜெபமணி கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினார்.

செண்பகவல்லி தோற்றுப் பழக்கமில்லாதவள். இவன் விஞ்ஞானத்துக்கு மசியமாட்டான், அதிகாரத்துக்கும் மசியமாட்டான், இவனை இவன் சட்டத்தாலேயே மடக்கவேண்டும் என்று முடிவு செய்தாள். கிளம்பிய பயணத்தை எது நிறுத்தும்? யோசித்தாள். சின்ன வயதில் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது இவள் வாய் தவறிக் கேட்டு, அம்மாவிடம் வாங்கிய அடி நினைவுக்கு வந்தது. வெளியே போகிறவனைப் பார்த்துக் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது. கேட்டுவிட்டால் போகிற காரியம் உருப்படாது. கேட்கப்பட்டவன் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும்.

கூடப் பிறந்த அக்கா, நிறைமாதக்காரியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற தம்பியைப் பார்த்து அதைக் கேட்பது லேசான காரியம் இல்லை. கேட்டால் ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டான். பரவாயில்லை, மன்னிக்காமல் இருக்க அவன் உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தாள். வழக்கமான குரலில்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏல மாசானம், எங்க போற?"

அந்தப் பக்கம் ரேடியோ அணைந்தது. புள்ளி இன்னும் கொஞ்ச தூரம் நேரே போயிற்று. ஜெபமணி முணுமுணுப்பை நிறுத்திவிட்டார். அப்புறம் புள்ளி வளைந்தது, பதுங்குகுழியின் பக்கம் திரும்பியது, நின்றது.

அடுத்த சில நிமிஷத்தில் குன்றிமணி சீறியது. அவள் பணியில் சேர்ந்த நாளிலிருந்து பார்த்திராத சீறல். திரைகள் வெளுத்தன, ரேடியோ முழுவதும் இரைச்சலாகிவிட்டது. குழியின் கதவு மூடிய தகவல் வந்து சேர்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அவர்கள் உள்ளே போனார்களா, வாசலில் நின்று தகராறு பண்ணிக்கொண்டிருந்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. செண்பகவல்லி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஜெபமணி கொடுத்த டீ ஆறிப்போனது. வேறு எதையும் நினைக்காமல் ரேடியோவின் இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரைச்சல் அடங்கியதும் முதலில் வந்தது மாசானத்தின் குரல். "பொம்பளப்பிள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காவ" என்றான். உள்ளே போய்க் கதவை அடைத்ததுமே வடிவுக்கு வலி பிடித்துவிட்டதாம். மண்ணுக்கடியில், லாரியிலிருந்த போர்வையை விரித்து, இவனே பிரசவம் பார்த்திருக்கிறான். ஜெபமணி கையெடுத்துக் கும்பிட்டார். செண்பகவல்லி அழுதாள், அழுததைப் பற்றி அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவன் அடுத்ததைச் சொன்னான்.

"நீ ஏங்க்கா அப்படிக் கேட்ட? நீ கேக்காம இருந்தா இந்தச் சீறல் வந்திருக்குமா?"

அவள் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அவள் கேட்டதால் பிழைத்தோம் என்பது அவன் கணக்கில் இல்லை. அவள் கேட்டதால்தான் குன்றிமணி சீறியது என்பது அவன் கணக்கு. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, அக்கா வாயை வைத்தாள், ஆகாயம் வெடித்தது. அவன் பார்த்த வரிசை அப்படித்தான் இருந்தது.

ஊரும் அப்படித்தான் பேசிக்கொண்டது. சாலையில் ஓடும் லாரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசை என்பதால் அந்தக் கேள்வியை அத்தனை டிரைவர்களும் கேட்டிருந்தார்கள். செண்பகவல்லி கேட்டால் நட்சத்திரமே சீறும் என்று ஆகிப்போனது. அவள் எதிரே வந்தால் ஜனங்கள் வீட்டுக்குள் திரும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் அவளிடம் பத்திரிகை கொடுக்கும்போது, உங்களுக்கு வேலை இருக்கும், சிரமப்பட்டு வரவேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பாள். இவள் அதையும் வேலைக்குப் பயன்படுத்தினாள். ஊருக்குப் பயம் வந்துவிட்டதா, நல்லது. இனி ராகுகாலத்தில் வெளியே எந்தப் புள்ளி நகர்ந்தாலும் ரேடியோவை எடுப்பாள். எங்கே போகிறீர்கள் அண்ணாச்சி, எங்கே போகிறாய் தம்பி என்று வரிசையாகக் கேட்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொருவனும் வண்டியைக் குழிப் பக்கம் திருப்புவான். நாலாபக்கமும் வசவு வரும். வைதுகொண்டே உயிரோடு இருங்கள் என்பாள்.

பெயர் சூட்டுகிற நாள் வந்தபோது மாசானம் அவளைக் கூப்பிடவில்லை. ஊரே போய் வந்தது. ஜெபமணி போய் வந்து, சாப்பாட்டைப் பற்றி மட்டும் நாலு வார்த்தை சொன்னார். பிள்ளைக்கு என்ன பெயர் என்று அவளும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு தோசை வார்த்து, ஒன்றைத் தின்ன முடியாமல் வைத்துவிட்டாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைத் தாங்கத்தான் அவளுக்குத் திடம் போதவில்லை.

இதற்கிடையில் டிரைவர்களும் சும்மா இருக்கவில்லை. அவள் கேட்டால்தானே தோஷம்? காதில் விழாவிட்டால்? அவள் குரல் தொண்டையைவிட்டுக் கிளம்பியதுமே ரேடியோ செட்டை அணைத்துவிடப் பழகிக்கொண்டார்கள். "பாக்கியநாதா, எங்க" என்பதற்குள் டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புள்ளி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒருத்தன் ஆரம்பித்ததை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். இப்போதைக்குக் குன்றிமணி அடங்கிக் கிடப்பதால் தப்பித்தார்கள். இன்னொரு பெரிய சீறல் வந்தால் எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்குமோ என்று செண்பகவல்லிக்கு முதல்முறையாகத் தூக்கம் கெட்டது. அடுத்து என்ன சொல்லைப் பிடிப்பது என்று மண்டையைக் குடைந்துகொண்டாள். கிரகணம் என்று மாற்றலாமா என்றுகூட யோசித்தாள். அது வந்தால் ஊரிலுள்ள கர்ப்பிணிகளையெல்லாம் இருட்டறையில் அடைத்துவிடுவார்கள் என்று அதையும் விட்டாள்.

அப்படியிருக்கையில் ஒரு ராகுகாலத்தில் நிலையத்தின் கதவு தட்டப்பட்டது. மண் மூடிய தெருவில் நடப்பதற்கு ஆபத்து ஒன்றும் கிடையாது, ஆனாலும் அந்த நேரத்தில் ஊரில் ஒருவரும் வாசற்படி தாண்டமாட்டார்கள். கதவைத் திறந்தால் வடிவு நிற்கிறாள், தோளில் பிள்ளை.

யார் கண்ணிலும் படாமல் வர வேறு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, பிள்ளையைச் செண்பகவல்லியின் மடியில் போட்டாள். அது அத்தையை முறைத்துப் பார்த்துவிட்டு அவள் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. ஜெபமணி ஏதோ வேலை இருப்பதுபோல் அடுத்த அறைக்குப் போய்விட்டார். செண்பகவல்லி பிள்ளையின் உச்சியை முகர்ந்தாள்.

"மதினி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய" என்றாள் வடிவு. "அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு உங்க தம்பி வண்டியத் திருப்பல."

செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"செட்ட அமத்திட்டு, 'அக்கா கேட்டது என் காதுல விழல, உன் காதுலயும் விழல'ன்னு சொன்னாவ. சொல்லிட்டு இன்னும் வேகமா மிதிச்சாவ. நான்தான் வயித்தப் பிடிச்சிக்கிட்டு, வலி வந்துட்டு, நிப்பாட்டுங்கன்னு கத்தினேன். அப்ப எனக்கு வலியே கிடையாது. உள்ள போயி கதவ மூடின பொறவுதான் நெசமாவே பிடிச்சிது. அவியளுக்கு இது இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அவ்வளவு நாள் ஊர்ப் பழியைச் சுமந்தது இதற்காகவா என்று செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டாள். தான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகப் போட்ட கொக்கி அன்றைக்கு எதையும் பிடிக்கவில்லை. பிறகு, அப்படியானால் நீ மட்டும் எதை நம்பினாய், நான் சொன்ன காந்தப்புலத்தையா, கணக்கையா என்று கேட்டாள்.

"கணக்கு எனக்கென்ன தெரியும்? என் கல்யாணத்துல இருந்து உங்கள பாக்கேன். ஒருநாளும் நீங்க பயந்து பாத்ததில்ல. அன்னைக்கு 'எங்க போற'ன்னு கேட்டிய பாருங்க, உங்க குரல் அப்படி நடுங்கிச்சு. மதினியே பயப்படுதாவன்னா வெளிய என்னமோ வருதுன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

நடுங்கியதா என்று செண்பகவல்லி யோசித்தாள். அவளுக்கு நினைவில்லை. இத்தனை வருஷமாக ஊருக்காக அவள் தேடித் தேடிச் சொற்களைப் பொறுக்கினாள். எல்லாவற்றையும் திடமான குரலில், கொஞ்சமும் பிசிறில்லாமல் சொன்னாள், ஜெபமணியையும் அப்படியே படிக்கச் சொன்னாள். ஒவ்வொரு ராகுகாலத்திலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே நகர்கிற புள்ளிகளைப் பார்த்து உள்ளுக்குள் செத்துப் பிழைப்பதை ஒருநாளும் ஒருவரிடமும் காட்டியதில்லை. தலைவி பயந்தால் ஊர் கலங்கிவிடும் என்று நினைத்திருந்தாள்.

அடுத்த அறையிலிருந்து ஜெபமணி கூப்பிட்டார். பாக்கியநாதனின் வண்டி வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்றார். கோடு குதிக்க ஆரம்பித்திருக்கிறது என்றும் சொன்னார்.

செண்பகவல்லி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரேடியோவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். வடிவும் கூடவே வந்து நின்றாள். பேசத் தொடங்கினால் அவன் செட்டை அணைத்துவிடுவான்; கிடைப்பது ஒரு மூச்சு நேரம்தான். அவள் எதையும் யோசிக்கவில்லை.

"எய்யா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

டப்பென்ற சத்தம் வரவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் ஒண்ணும் கேக்கல. உன் வண்டிய இங்கன பாத்துக்கிட்டு இருக்கேன், கையெல்லாம் நடுங்குது. பக்கத்துலதான் குழி இருக்கு. உள்ள போயி உக்காந்துக்க, எய்யா."

இந்தத் தடவை குரல் நடுங்கியது அவளுக்கே நன்றாகக் கேட்டது. அவள் அதை அடக்கவில்லை. பிள்ளை அவள் காதோரம் ஏதோ உளறியது. அதுவும் ரேடியோவில் போயிருக்கும். புள்ளி சற்றுத் தயங்கியது. பிறகு குழியின் பக்கம் வளைந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு மூடிய தகவலும் வந்து சேர்ந்தது. ஜெபமணி திரையில் இன்னொரு இடத்தைக் காட்டினார். யாரும் கூப்பிடாமலே, தூரத்தில் வந்துகொண்டிருந்த இரண்டு வண்டிகளும் அவற்றுக்குப் பக்கத்திலிருந்த குழிகளுக்குத் திரும்பியிருந்தன.

அன்றைக்குக் குன்றிமணி சீறவில்லை. ராகுகாலம் சும்மாவே கழிந்தது. நேரம் முடிந்ததும் ரேடியோவில் பாக்கியநாதனின் குரல் கேட்டது. வைவான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"அக்கா, வடக்குக் களத்துக்குப் போறேன்" என்றான், அவள் கேட்காமலே. "போயிட்டு வாரேன்."